முகவரி மறக்கும்வரை காத்திருக்கலாமா?

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துக்கு 2024இல் ஐ.நா. விருது கிடைத்தது தகும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அத்திட்டம் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளை வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஆனால் விருதுக்குப் பின் ஒரு யோசனை எளிதாக எழுகிறது: வீடு தேடிப் போகிறவர்களே மறதி நோயையும் தொடக்கத்தில் கண்டுபிடித்துவிடலாம், அதற்கான கேள்விதான் தேசியப் படிவத்திலேயே இருக்கிறதே என்பது. அந்தக் கேள்வியை நம்பி இறங்கினால் நோய் தொடக்கத்தில் அகப்படாது.

முப்பது வயதைக் கடந்தவர்களுக்கு வீடுவீடாக நிரப்பப்படும் சிபிஏசி எனும் அந்தத் தேசியப் படிவம், முதியவர்களைத் தனியாகக் கருதி அவர்களின் நினைவாற்றலையும் விசாரிக்கிறது; அது நல்லதே. ஆனால் அது விசாரிப்பது, நெருங்கியவர்களின் பெயரோ சொந்த வீட்டு முகவரியோ மறக்கிறதா என்பதை. பெற்ற பிள்ளையின் பெயர் நழுவும்போது நோய் வெகுதூரம் வந்துவிட்டிருக்கும். தொடக்கம் வேறு மாதிரி இருக்கும்: கேட்டதையே திரும்பக் கேட்பது, குழம்பில் இரண்டு முறை உப்புப் போடுவது, பல வருடமாகத் தானே பார்த்துவந்த சீட்டுக் கணக்கில் தடுமாறுவது. இவை எதையும் அந்தக் கேள்வி தொடுவதில்லை. ‘இல்லை’ என்று பதில் வந்ததும் கட்டம் நிரம்பிவிடுகிறது, குடும்பமும் வயதானால் இப்படித்தான் என்று இருந்துவிடுகிறது. இன்னொரு கோளாறு, நோயாளியையே சாட்சியாக்குவது. தன் மறதியை உணரும் திறனையே இந்நோய் பலரிடம் பறித்துவிடுகிறது. இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருக்கலாம் என்கிறது 2023இல் வெளியான ஆய்வு. பாதிப்பு பெண்களிடமும் கிராமங்களிலும் கூடுதல். அவர்களை இப்படியொரு கேள்வியால் கடந்துபோவது அலட்சியம்.

அப்படியானால் தேதி, கிழமை கேட்டு, நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்லும் தேர்வை வைக்கலாமே என்பார்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத மூதாட்டி அதில் தோற்பது நோயால் அல்ல, எழுத்தறிவு மறுக்கப்பட்டதால். இதற்கு விடை தேடியவர்கள் சென்னையிலும் வேலூரிலும் இருந்தார்கள். அந்நகரங்களும் பங்கேற்ற 10/66 என்ற பன்னாட்டு மறதி நோய் ஆய்வுக் குழு, முதியவரைச் சோதிப்பதோடு அவரை அறிந்த ஒருவரையும் விசாரித்தது. கல்வியின்மையை நோயாகக் கருதும் பிழை அதனால் குறைந்ததை 2003இலேயே காட்டியது. ‘முன்பு தானாகச் செய்த எந்த வேலையில் இப்போது தடுமாறுகிறார்?’ என்று மருமகளிடம் கேட்கப் பட்டம் தேவையில்லை. வேலைப் பளு கூடும் என்ற வாதமும் நிற்காது. புதுக் கேள்வி எதையும் சேர்க்க வேண்டாம், இருக்கும் தவறான கேள்வியை மாற்றினால் போதும்.

குணமாகாத நோயை முன்கூட்டி அறிந்து என்ன பயன் என்பதுதான் மிஞ்சும் ஆட்சேபம். பி12 குறைபாடு, தைராய்டு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியாக வெளிப்படும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. குணமாகாத மறதியிலும், சொத்தையும் சிகிச்சையையும் பற்றி அவரே முடிவெடுக்க அவகாசம் கிடைக்கும். மாத்திரை கொண்டுபோகும் ஊழியரின் கண்முன்னே ஒரு தடயம் இருக்கிறது: போன முறை கொடுத்த அட்டையில் தீராமல் கிடக்கும் மாத்திரைகள். அதற்குக் காரணம் பல இருக்கலாம். ஆனால் அதைப் பார்த்தவர் வீட்டாரிடம் இரண்டு வார்த்தை விசாரித்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவைக்க முடியும். அன்றாட வேலையில் வரும் தடுமாற்றத்தைப் படிவம் வீட்டாரிடம் கேட்காதவரை, கண்டறிந்ததாகச் சொல்லும் எந்த எண்ணிக்கையும் முற்றிய நோயின் எண்ணிக்கையாகவே இருக்கும்.