சந்ததியாரும் இடுகாட்டு அகழ்வும்: நியூயோர்க் ஆபிரிக்க இடுகாடு பற்றிய ஒரு நோக்கு

பழைய இடுகாடுகளை அகழ்வோர் அங்கு அடக்கம் பெற்றோரின் சந்ததியாரைக் கலந்தாலோசித்தல் வேண்டும் என்பது இன்று பெரிதும் வலியுறுத்தப்படுகின்றது. ஆயின், சந்ததியார் யாவர், அவர்தம் உரிமை எதுவரை செல்லும் என்னும் வினாக்களுக்கு விடை எளிதன்று. நியூயோர்க் நகர் ஆபிரிக்க இடுகாட்டினை முன்வைத்து இவற்றை நோக்குவாம்.

1991 இல் மன்ஹற்றனில் கூட்டரசின் அலுவலகக் கட்டடமொன்றுக்கு நிலம் தோண்டியபோது, 1794 வரை பயன்பட்ட இவ்விடுகாடு வெளிப்பட்டது. 419 பேரின் எச்சங்கள் அகழப்பட்டன. அகழ்வின் வேகத்தைக் கட்டட வேலையே தீர்மானித்தது. ஆபிரிக்க அமெரிக்கரின் எதிர்ப்பு வலுக்கவே 1992 இல் அகழ்வு நின்றது; ஆய்வுப்பணி ஹவார்ட் பல்கலைக்கழகத்தின் மைக்கல் பிளேக்கி தலைமையிலான குழுவினரிடம் சென்றது.

அங்கு அடக்கம் பெற்றோருள் மிகப் பலரின் பெயர் எவ்வேட்டிலும் இல்லை. எனவே குடிவழி காட்டி உரிமை கோருதல் எவர்க்கும் இயலாதாயிற்று. குடிவழிச் சான்று கேட்பவர், அடிமை முறை அழித்துவிட்ட ஒன்றையே கேட்கின்றனர் என்பதை மறத்தலாகாது. பொதுவான வரலாற்றனுபவத்தால் தம்மைச் சந்ததியார் எனக் கொண்டோரைப் பிளேக்கி ஆய்வின் அறநெறிக் கட்சிக்காரராக ஏற்றமை எமக்கு முற்றும் ஏற்புடையது. பணம் கொடுத்த அரச நிறுவனம் வேறு. ஆய்வு கடமைப்பட்டோர் வேறு.

இதனால் ஆய்வு நலிந்ததா? இல்லை. என்புகளின் இனத்தை வகைப்படுத்துவதோடு அமையாது, இறந்தோர் எங்கிருந்து வந்தனர், எவ்வாறு உழைத்தனர், எவ்வாறு எதிர்த்து நின்றனர் என்னும் வினாக்கள் எழுந்தன. பாரஞ்சுமந்து சிதைந்த கழுத்தென்புகளும் முள்ளந்தண்டுகளும் பொருள் பெற்றது அவ்வினாக்களாலேயாம்.

எமது ஐயம் பிறிதோரிடத்தது. 101 ஆம் புதைகுழியின் பெட்டி மூடியில் ஆணிகளால் அமைந்த இதயவடிவம் ஒன்று காணப்பட்டது. அது அக்கான் மக்களின் 'சங்கோஃபா' குறியீடு எனப் பொருள்கொள்ளப்பட்டு, பின்னர் நினைவுச்சின்னத்திலும் பொறிக்கப்பட்டது. அக்கால ஆங்கிலேயரின் சவப்பெட்டிகளிலும் இதயவடிவம் வழங்கிற்று என 2010 இல் எரிக் சீமன் எடுத்துக்காட்டினார். அவர் வாதம் வலிதே. வினாவை எழுப்பும் உரிமை சந்ததியார்க்கு உண்டு; விடையின் உறுதியோ சான்றினைப் பொறுத்தது. 2003 இல் எச்சங்கள் மீள அடக்கஞ்செய்யப்பட்ட பின்னர் 2006 இல் தேசிய நினைவிடமான அவ்விடத்தில், மக்கள் தம் முன்னோரை நினைக்கச் சங்கோஃபாவைத் தேர்ந்தமையில் பிழையில்லை. ஆயின் 101 ஆம் பெட்டியைப் பற்றி எழுதப்படும் விளக்கக் குறிப்பில் இரு கருத்துகளும் அருகருகே இடம்பெறல் வேண்டும்.