அமியோடரோன்: அட்டவணைக்குள் அடங்காத மருந்து

தாறுமாறான இதயத் துடிப்பை அடக்கினால் உயிர் பிழைக்கும் என்ற நம்பிக்கையை அமெரிக்காவின் ‘காஸ்ட்’ ஆய்வு 1989-இல் தகர்த்தது. மாரடைப்பு வந்தவர்களுக்கு என்கைனைடு, ஃப்ளெக்கைனைடு மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். துடிப்பு அடங்கியது, சாவு கூடியது. ஏறக்குறைய சம அளவிலான இரு குழுக்களில், மருந்து சாப்பிட்டவர்களில் 63 பேரும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 26 பேரும் இறந்தார்கள்.

அந்த அடிக்குப் பிறகு மருத்துவர்கள் அதிகம் நாடிய மருந்து அமியோடரோன். 1960களில் பெல்ஜியத்தில் நெஞ்சுவலிக்காக உருவானது அது. அதன் பலத்தில் ஐயமில்லை. 2000-இல் வெளியான கனடா ஆய்வில், சோட்டலால் அல்லது புரோபஃபினோன் என்ற வேறு துடிப்பு மருந்துகளை எடுத்தவர்களில் 63 சதவீதத்தினருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதய மேலறைகளின் தாறுமாறான துடிப்பு) திரும்ப வந்தது. அமியோடரோன் எடுத்தவர்களில் 35 சதவீதத்தினருக்கு மட்டுமே. பலவீனமான இதயத்துக்கும் இதைத் தரலாம்.

விலை வேறிடத்தில் இருக்கிறது. 200 மில்லிகிராம் மாத்திரையில் சுமார் 75 மில்லிகிராம் அயோடின் உண்டு. உடலின் அன்றாடத் தேவையோ 150 மைக்ரோகிராம். மருந்திலிருந்து கழன்று வரும் சிறு பங்கே தைராய்டைக் குலைக்கப் போதும்.

தைராய்டோடு கல்லீரலும் நுரையீரலும் பாதிக்கப்படலாம் என்பதால் ஒரு நடைமுறை வகுக்கப்பட்டிருக்கிறது: தொடங்கும்முன் ஈசிஜி, மார்பு எக்ஸ்ரே, தைராய்டு, கல்லீரல் சோதனைகள்; பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, ஆண்டுக்கு ஒருமுறை எக்ஸ்ரே. தைராய்டுக்கும் கல்லீரலுக்கும் இது நல்ல வலை. பெரிய தொல்லை தெரியும் முன்பே கோளாறு பல நேரம் ரத்தத்தில் சிக்கிவிடும்.

நுரையீரலில்தான் வலை கிழிகிறது. அங்கே வரும் அழற்சி இரண்டு எக்ஸ்ரேக்களுக்கு இடையே சில வாரங்களில் முற்றிவிடக்கூடும். முதலில் தெரிவது வறட்டு இருமலும் மூச்சிரைப்பும். இதய நோயாளிக்கு மூச்சிரைத்தால் யாருக்கும் முதலில் இதயத்தின் மீதே சந்தேகம் போகும். நீர் பிரியும் மாத்திரையைக் கூட்டுவார்கள், அமியோடரோன் தொடரும்.

இன்னொரு ஓட்டை, காலம். இம்மருந்தின் அளவு உடலில் பாதியாகக் குறையவே சராசரியாக இரண்டு மாதம் பிடிக்கிறது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தோடு சேர்ந்தால் ரத்தம் உறையும் தன்மை மேலும் குறையும். அதனால் வார்ஃபரினை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை குறைக்க வேண்டிவரும். அமியோடரோனை நிறுத்திய பின்னும் இந்த விளைவு மாதக்கணக்கில் நீடிக்கும். அப்போது மருந்துச் சீட்டில் அதன் பெயரே இருக்காது. புதிதாகப் பார்க்கும் மருத்துவருக்கு அதைத் தேடத் தோன்றாது.

சோதனைத் தேதிகளோடு, எதற்காக, எதுவரை இந்த மாத்திரை, இருமல் வந்தால் யாரிடம் சொல்வது என்பதையும் முதல் சீட்டிலேயே எழுதித் தரலாம். நிறுத்திய தேதியையும் நோயாளியின் கையில் இருக்கும் அதே சீட்டில் குறித்துவிடலாம்.