நான்காம் வேற்றுமையில் ஒரு குழந்தை

ஆண்டுதோறும் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் ஒரு நூல் வைக்கப்படுகிறது. காப்பியமன்று; கலம்பகமன்று; பரணியுமன்று. ஆயினும் அதன் மாந்தர் பல இலட்சம் பேர்; அதன் களம் குமரி முதல் சென்னை வரை; அதன் பொருள் நாட்டின் நாளை. பள்ளிக் கல்வித் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு என்பது அதன் பெயர். மானியக் கோரிக்கை எண் 43 என்பது அதன் முகவரி. 2025-26ஆம் ஆண்டுக்கு அந்தத் துறைக்கென ஒதுக்கப்பட்ட தொகை 46,767 கோடி ரூபாய்.

காப்பியத்திலே கற்பனை எவ்வளவு, கருத்து எவ்வளவு என்று எடை போடக் கற்ற நாம், இந்த நூலை மட்டும் எடை போடாமல் விடுவதேன்? புலவன் புனைந்ததை ஆராய்வோம், அரசு அச்சிட்டதை அப்படியே ஏற்போம் என்றால், அது பகுத்தறிவாகாது, வெறும் பழக்கம். எனவே இலக்கியத்துக்கு உரிய அதே அளவுகோலை எடுத்துக்கொண்டு, துறை வெளியிடும் குறிப்புகளையும் அறிவிப்புகளையும் படிக்கத் துணிகிறோம். படிக்கும் இடம் திருவேங்கடம். புலவர்கள் வட எல்லையாகப் பாடிய வேங்கடமன்று. தென்காசி மாவட்டத்தின் கரிசற் பூமியில், வானம் பார்த்து விதைக்கும் மக்கள் வாழும் திருவேங்கடம்.

எழுவாய் எங்கே?

ஏட்டைப் புரட்டியதும் கண்ணில் படுபவை வினைச்சொற்களே. ‘வழங்கப்பட்டது’, ‘அமைக்கப்பட்டது’, ‘விரிவுபடுத்தப்பட்டது’, ‘தொடங்கி வைக்கப்பட்டது’. செய்வது அரசு, செய்யப்படுவது கட்டடம், கணினி, காலணி. குழந்தை எங்கே என்று தேடினால், ஒரு மூலையில் ‘மாணவர்களுக்கு’ என்று நிற்கிறது. ஆம், நான்காம் வேற்றுமையில் நிற்கிறது! எழுவாயாக நிற்கவேண்டிய பிள்ளை, ‘கு’ உருபைப் பிடித்துக்கொண்டு, கை நீட்டியபடி வாயிலில் நிற்கிறது.

நான்காம் வேற்றுமைக்குக் கொடைப் பொருள் உண்டு என்று நன்னூல் கற்பித்தது. இரவலனுக்கு ஈந்தான் என்பது கொடை. ஆனால் அதே உருபுக்குத் தகுதிப் பொருளும் உண்டென்று அதே நன்னூல்தான் கற்பித்தது. உழைத்தவனுக்குக் கூலி உரியது என்கிறோமே, அங்கே ஈகை இல்லை, உரிமை இருக்கிறது. உருபு ஒன்றுதான், பொருள் வேறு. ‘மாணவர்களுக்குக் கல்வி’ என்று எழுதும்போது, அந்தக் ‘கு’ கொடையா, தகுதியா? இந்த ஒரு வினாவே நம் திறனாய்வு முழுவதும்.

சட்டம் விடை சொல்லிவிட்டது. 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியைப் பத்தாண்டுக்குள் தர முயலவேண்டும் என்று 1950ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 45ஆம் பிரிவில் எழுதியது. பத்தாண்டு ஐம்பதாண்டாயிற்று. 2002இல் 86ஆவது திருத்தம் அதை அடிப்படை உரிமையாக்கியது. 2009இல் இயற்றிய கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது. கொடை உரிமையாகி ஆண்டுகள் பல கடந்தும், அறிக்கைகளின் நடை மட்டும் கொடை நடையிலேயே நிற்பதேன்?

வைகறை யாருடையது?

குறை சொல்வதே நம் தொழிலன்று. நல்ல அத்தியாயம் எதுவோ, அதை முதலில் சொல்லிவிடுவோம்.

சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தைக் ‘குட்டி ஜப்பான்’ என்று புகழ்ந்த காலம் ஒன்று இருந்தது. அந்தப் புகழுக்குப் பின்னால் இருந்தவை பிஞ்சு விரல்கள். விடியுமுன்னே தீப்பெட்டி ஆலை வண்டி ஊர் ஊராக வரும். தூக்கம் கலையாத குழந்தைகளை ஏற்றிச் செல்லும். இருட்டிய பின் இறக்கிவிடும். பாடநூல் பிடிக்கவேண்டிய கை குச்சி அடுக்கிற்று. மாரியாத்தா காப்பாற்றவில்லை, மழையும் காப்பாற்றவில்லை. 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. 1988இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கிற்று. சிவகாசித் தீப்பெட்டி ஆலைக் குழந்தைகள் பற்றிய வழக்கில், 1996 டிசம்பரில், குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் வேலை கொடுத்தவன் கட்டவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்டம் வண்டியைத் தடுக்கலாம், வயிற்றைத் தடுக்குமா? அந்த உண்மையை முதலில் உணர்ந்தவர்கள் நீதிக்கட்சியினர். 1920இல், தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் நண்பகல் உணவுக்கு வழிசெய்தது. 1953இல் அரை நேரப் படிப்பு, அரை நேரம் குலத்தொழில் என்று இராசாசி கொண்டுவந்த திட்டத்தை நாடே எதிர்த்தது; 1954இல் அது கைவிடப்பட்டது. 1956இல், இங்கிருந்து தொலைவில்லாத எட்டயபுரத்தில், காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1982இல் அது சத்துணவாக விரிந்தது. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கிற்று. முதற்கட்டத்தில் 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்டு 25 முதல் அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்தும். அடுத்த ஆண்டு ஊரக உதவிபெறும் பள்ளிகளும்.

இதன் பொருளைச் சென்னையில் இருந்து படித்தால் ஒரு கிண்ணம் உப்புமா. கரிசற் பூமியில் இருந்து படித்தால், வைகறை கைமாறிய வரலாறு! எந்த நேரத்தில் ஆலை வண்டி வந்து நின்றதோ, அந்தக் காலைப் பொழுதைப் பள்ளி மீட்டுக்கொண்டது. இந்த வரியை எந்தக் குறிப்பும் எழுதவில்லை. அது எத்தனை பள்ளி, எத்தனை பிள்ளை, எத்தனை கோடி என்று எழுதிற்று.

எண்ணிக்கை மட்டும் எழுதும் ஏடு இன்னொன்றையும் எழுதாமல் விடும். 2023 செப்டம்பரில் தூத்துக்குடி மாவட்டத்து உசிலம்பட்டியில், சமைத்தவர் தாழ்த்தப்பட்டவர் என்பதற்காகக் காலை உணவை உண்ணாமல் பிள்ளைகளைத் தடுத்த கொடுமை வெளிவந்தது. அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் சென்று அமர்ந்து உண்ணவேண்டி வந்தது. உலை கொதித்தது, உணவு இருந்தது, உண்ணவிடவில்லை சாதி. எத்தனை தட்டு வைத்தோம் என்பதற்குக் கட்டம் இருக்கிறது. எத்தனை தட்டைச் சாதி தட்டிவிட்டது என்பதற்குக் கட்டம் உண்டா? நாங்குநேரிக் கொடுமைக்குப் பின், பள்ளிகளில் சாதி குறித்து ஆராய்ந்த நீதியரசர் சந்துரு, 2024 சூனில் அறிக்கை அளித்தார். அதில் குழந்தை எழுவாயாக நின்றது. அடிபட்டவன் யார், அடிக்கக் கற்பித்தது எது என்று அது கேட்டது. துறையின் நூலுக்கு அந்த நடை வரவேண்டும்.

திரை தெய்வமன்று

அடுத்தது தொழில்நுட்ப அத்தியாயம். 2024 சூனில் அரசு அறிவித்த எண்கள் இவை: தொடக்கப் பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகள், 79,723 ஆசிரியர்களுக்குக் கைக்கணினிகள். எமிஸ் என்னும் தகவல் முறை உண்டு. மணற்கேணி என்னும் செயலி உண்டு.

பொறியை வெறுக்கும் பிற்போக்கு நம்மிடம் இல்லை. அறிவியலின் பிள்ளைகள் நாம். ஆனால் கல்லைக் கும்பிடாதே என்று சொன்ன வாயால் கண்ணாடித் திரையைக் கும்பிடு என்று சொல்லமாட்டோம். திரை சுவரில் ஏறியதாலேயே அறிவு தலையில் ஏறிவிடும் என்பது, தேரை இழுத்தாலே மழை பொழியும் என்பதைப் போன்ற நம்பிக்கைதான். மின்சாரம் வேண்டும், இணையம் வேண்டும், பழுதானால் பார்க்க ஆள் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, ஆசிரியரின் நேரம் வேண்டும். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் உள்ள சிற்றூர்ப் பள்ளியில், ஒருவர் வருகையையும் உணவையும் காலணியையும் எமிசில் ஏற்றிக்கொண்டிருந்தால், ஐந்து வகுப்புக்கு ஒருவர்தானே மிஞ்சுவார்? பதிவுச் சுமையைக் குறையுங்கள் என்று ஆசிரியர் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் கேட்டது சோம்பலால் அன்று, கணக்கால்.

இதே ஏட்டில் ‘எண்ணும் எழுத்தும்’ என்றொரு பகுதி இருக்கிறது. 2022 சூனில் தொடங்கியது. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எல்லோரும் 2025க்குள் பிழையின்றிப் படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது இலக்கு. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலைக்கேற்பக் கற்பிக்கும் முறை. அழகான பெயர், அறிவான முறை, அதற்கும் மேலாக, நாள் குறித்த வாக்குறுதி! 2025 வந்தது, சென்றது. எத்தனை அரும்பு மலர்ந்தது என்று ஊர் ஊராகச் சொல்வதன்றோ அதற்குரிய விடை? 2025 பிப்ரவரியில் 3, 5, 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாநில அளவில் அடைவுத் தேர்வு நடத்தி முடிவை வெளியிட்டது பாராட்டத்தக்க செயல். மாவட்டத்துக்குச் சொன்னதை ஒவ்வொரு ஊருக்கும் சொன்னால், அதுவே நல்ல தமிழ்நடை. 79,723 என்ற எண்ணுக்கு அடுத்த வரியில், படிக்கத் தெரிந்த பிள்ளைகளின் எண் நிற்கட்டும். கருவியை எண்ணுவது கிடங்குக் கணக்கு. கற்றதை எண்ணுவதே கல்விக் கணக்கு.

நிதி என்னும் நாடகம்

மாநிலத்தின் ஏட்டில் கொடை நடை என்றால், ஒன்றிய அரசின் ஓலையில் கட்டளை நடை. 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், 42ஆவது திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. பொது என்றால் இருவரும் பேசி முடிவெடுப்பது என்று பாமரன் நினைப்பான். நடந்தது என்ன?

2018இல் தொடங்கிய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒன்றியம் 60, மாநிலம் 40 என்பது பங்கு. 2024-25க்குரிய 2,152 கோடி ரூபாய் தமிழ்நாட்டுக்கு வரவில்லை. காரணம், பி.எம். ஸ்ரீ என்னும் வேறொரு திட்டத்துக்குத் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை. அந்தக் கையெழுத்துக்குள் 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஒளிந்திருந்தது. கொள்கையை முழுமையாக ஏற்காதவரை நிதி இல்லை என்று 2025 பிப்ரவரியில் ஒன்றியக் கல்வி அமைச்சரே பேசினார். 1968 சனவரியில் அண்ணா ஆட்சியில் சட்டமன்றம் நிறைவேற்றிய இருமொழித் தீர்மானத்தை, காசு காட்டி மாற்றச் சொல்வது கொள்கையா, கொள்முதலா?

2025 மே மாதம், வட்டியுடன் 2,291 கோடி ரூபாய் கேட்டு மாநிலம் உச்ச நீதிமன்றம் சென்றது. அந்தக் கோடையில், ஏழைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இடம் தரும் சேர்க்கை தொடங்கப்படவே இல்லை. கல்வி உரிமைக்கான பங்கு விடுவிக்கப்பட்டு, அக்டோபரில்தான் தொடங்கிற்று. பள்ளி திறந்து நான்கு திங்கள் கழித்துச் சேர்க்கை! இரு அரசுகள் வழக்காடிய காலத்தில் குழந்தைக்கு வயது நிற்கவில்லை.

இன்னும் ஒன்று கேளுங்கள். மேலே நாம் சொன்ன குழந்தைத் தொழிலாளர் திட்டம் 2021இல் இதே பள்ளிக் கல்வித் திட்டத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. எனவே டில்லியில் அடைத்த குழாய், கணினிக்கான குழாய் மட்டுமன்று; ஆலையிலிருந்து மீட்ட குழந்தைக்குப் பயிற்சி தரும் குழாயும் அதுவே. மும்மொழி வேண்டுமா, வேண்டாமா என்ற வாதம் ஒருபுறம் நடக்கட்டும். தீப்பெட்டிக் குழந்தையின் பங்கைப் பிணையாகப் பிடித்து வைப்பது எந்த மொழியில் அறம்?

இங்கேயும் அதே ‘கு’தான். ‘தமிழ்நாட்டுக்கு நிதி’ என்பதைக் கொடை என்று டில்லி படிக்கிறது. வரி கொடுத்தவனுக்கு உரியது, தகுதி என்று நாம் படிக்கிறோம். டில்லியிடம் இலக்கணம் பேசும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் நம் வீட்டு ஏட்டிலும் அதே இலக்கணத்தைத் திருத்தி எழுதினால்தான் அந்தப் பேச்சுக்கு வலிவு பிறக்கும்.

தோழர்களே! திறனாய்வு ஏட்டோடு முடிந்துவிடக் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, ஒவ்வோர் அரசு பள்ளியிலும் மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். வந்த நிதி எப்படிச் செலவாயிற்று என்று பார்ப்பது அந்தக் குழுவின் கடமை. தீப்பெட்டி ஒட்டும் தாயும் பருத்தி எடுக்கும் தந்தையும் திறனாய்வாளராக அமரவேண்டிய அவை அது. அந்தக் கூட்டத்துக்குச் செல்லுங்கள். அவர்களோடு அமர்ந்து, அறிக்கையைப் படித்துக் காட்டுங்கள். பள்ளிச் சுவரில் ஐந்தே வரி எழுதச் சொல்லுங்கள்: சேர்ந்த பிள்ளைகள் எத்தனை, நாள்தோறும் வருவோர் எத்தனை, பிழையின்றிப் படிப்போர் எத்தனை, நிரம்பாத ஆசிரியர் இடம் எத்தனை, வந்த பணம் எவ்வளவு, வராதது எவ்வளவு.

ஐந்து வரியிலும் எழுவாய் குழந்தையாக இருக்கும். அந்தச் சுவரெழுத்தைத் திருவேங்கடத்துத் தாய் ஒருத்தி விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்து, ‘இது ஏன் குறைந்தது?’ என்று கேட்கும் நாளில், மானியக் கோரிக்கை எண் 43க்குத் தகுந்த உரையாசிரியர் கிடைத்துவிட்டார் என்போம்.