பேனா ஓய்ந்த நூறு நாட்கள்

தொலைக்காட்சித் தொடரொன்றை வியந்து பேசும் மாணவனிடம் அதனை எழுதியவர் யாரென்று கேட்டால் திகைத்து நிற்கின்றான். நடிகரின் பெயரை அறிவான்; ஒளிபரப்பும் நிறுவனத்தின் பெயரையும் அறிவான். எழுதிய கையொன்று உண்டென்ற நினைவே அவனுக்கு எழுவதில்லை. அவனைக் குறைகூறிப் பயனில்லை. விமர்சகராகிய நாமும் கதைப்பின்னல், பாத்திர வார்ப்பு என்று பக்கம் பக்கமாக எழுதுகின்றோமேயன்றி, அவற்றைக் கூலிக்கு ஆக்கித்தந்த உழைப்பை எண்ணிப் பார்ப்பது அரிது. அவ்வுழைப்பு கண்ணுக்குப் புலனாவது அது நின்றுபோகும்போதுதான்.

2007 நவம்பர் 5 ஆம் நாள் அமெரிக்கத் திரைப்பட, தொலைக்காட்சி எழுத்தாளர் ஏறத்தாழ 12,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 2008 பெப்ரவரி 12 வரை, நூறு நாட்கள், அது நீடித்தது. அந்நாட்டுச் சட்டப்படி கூலிக்கு எழுதப்பட்ட பிரதியின் ஆசிரியன் எழுதியவனல்லன். எழுதுவித்த நிறுவனமே ஆசிரியன். இவ்விசித்திரமான சட்டத்துக்கு ஈடாகவே, ஆக்கம் மறுபடி பயன்படுந்தோறும் எழுத்தாளனுக்குச் சிறு பங்கு கிடைக்கும் முறையைச் சங்கம் போராடிப் பெற்றிருந்தது. ஆயின் டீ.வீ.டீ. ஒன்று விற்பனையானால் அவனுக்குக் கிடைத்தது சுமார் நான்கு சதம். அதனை இரட்டிப்பாக்குமாறு கேட்டனர். இணையத்தில் ஒளிபரப்பாவதற்கும் பங்கு கேட்டனர். புதிய ஊடகத்தின் வருவாயை இப்போது கணிக்க இயலாதென்றனர் நிறுவனத்தார். இதே நிறுவனத்தார்தாம் பங்குதாரர் முன்னிலையில் அதன் வளம்பற்றிப் பெருமை பேசியவர்கள்!

விளைவு உடனே தெரிந்தது. அன்றன்றைய செய்தியை எள்ளி நகையாடும் பின்னிரவு நிகழ்ச்சிகளுக்குச் சேமிப்பு ஏது? முதல் நாளிலேயே அவை பழைய ஒளிப்பதிவுகளுக்குத் திரும்பின. தொடர்நாடகங்கள் கைவசமிருந்த பிரதிகளைக் கொண்டு சில வாரம் தாக்குப்பிடித்தன. ‘ஹீரோஸ்’ இரண்டாம் பருவம் பதினொரு அங்கத்தோடு நின்றது. ஒன்பது அங்கமாகத் திட்டமிடப்பட்ட ‘பிறேக்கிங் பாட்’ முதற்பருவம் ஏழுடன் முடிந்தது. மறியலைக் கடந்துவர நடிகர் மறுத்தமையால் ‘கோல்டன் குளோப்’ பரிசளிப்பு விழா வெறும் செய்தியாளர் கூட்டமாகச் சுருங்கிற்று. டேவிட் லெற்றர்மனின் நிறுவனம் சங்கத்துடன் தனி ஒப்பந்தம் செய்து, 2008 ஜனவரி 2 ஆம் நாள் எழுத்தாளரோடு திரும்பியது. அதே இரவில் எழுத்தாளரின்றித் திரும்பிய ஜே லெனோ தமது நகைச்சுவையுரையைத் தாமே எழுதிக்கொண்டார். அவரும் சங்க உறுப்பினரே என்பது மனங்கொளத்தக்கது.

வெற்றிடத்தை நிரப்ப முன்வந்தவை ‘எழுத்தில்லாத’ நிகழ்ச்சிகள். போட்டிகளும் பந்தயங்களும், சாமானியரைக் கமெராவின் முன் மோதவிடும் காட்சிகளும் மலிந்தன. இவை உண்மையில் எழுத்தில்லாதனவா? இங்குதான் நமது விமர்சனக் கண் திறக்கவேண்டும். நூற்றுக்கணக்கான மணிநேர ஒளிப்பதிவை வெட்டியும் ஒட்டியும் ஒருவனை நாயகனாகவும் இன்னொருத்தியை வஞ்சகியாகவும் ஆக்குவது எழுத்தன்றி வேறென்ன? அதனைச் செய்வோருக்கு ‘கதைத் தயாரிப்பாளர்’ என்றொரு பெயர் சூட்டி, எழுத்தாளருக்குரிய உரிமைகளை மறுப்பது நிறுவனத்தாரின் சாமர்த்தியம். ‘அமெரிக்காஸ் நெக்ஸ்ட் ரொப் மொடல்’ நிகழ்ச்சியின் அத்தகைய ஊழியர் பன்னிருவர் 2006 இல் வேலைநிறுத்தம் செய்து, வேலையையே இழந்தனர்.

இத்தகையோரையும் ஒப்பந்தத்துள் கொணர்வது 2007 ஆம் ஆண்டுக் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது. 2008 ஜனவரியில் சங்கம் அதனைக் கைவிட்டது. கைவிடாவிடில் உடன்பாடே கிட்டியிராதென்பர் சிலர், இருக்கலாம். இணையப் பங்கு வென்றெடுக்கப்பட்டதையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், வேலைநிறுத்தத்தை முறியடிக்க எந்த நிகழ்ச்சிவகை பயன்பட்டதோ, அதன் ஊழியரையே வெளியே விட்டுக் கதவைச் சாத்தியமை பெருந்தவறு என்பதே என் கருத்து. ஊதியமின்றிக் காத்திருந்த தச்சர், சாரதி, தையற்காரர் ஆகியோரின் இழப்பையும் இக்கணக்கிலே சேர்த்தாக வேண்டும்.

2023 மே 2 முதல் செப்ரெம்பர் 27 வரை எழுத்தாளர் மீண்டும் மறியலில் நின்றனர். தொடரொன்றுக்கு இத்தனை எழுத்தாளரேனும் வேண்டுமென்ற குறைந்தபட்ச எண்ணிக்கையைப் பெற்றனர். செயற்கை நுண்ணறிவு ஈனும் வாசகம் இலக்கிய ஆக்கமாகக் கொள்ளப்படாதென்பதையும், அப்பொறியைப் பயன்படுத்துமாறு எழுத்தாளனை வற்புறுத்தலாகாதென்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுவித்தனர். கலை பற்றிய இவ்விரு வரையறைகளும் எந்தப் பல்கலைக்கழகக் கருத்தரங்கிலும் பிறந்தனவல்ல. தெருவில், வெயிலில் பிறந்தவை.

அவ்வாண்டு இலையுதிர் காலத்தில், நடிகரின் வேலைநிறுத்தமும் தொடர்ந்துகொண்டிருக்க, சீ.பீ.எஸ். நிறுவனம் ‘சேர்வைவர்’, ‘அமேசிங் றேஸ்’ என்னும் இரு போட்டி நிகழ்ச்சிகளையும் தொண்ணூறு நிமிடமாக நீட்டி நேரத்தை நிரப்பிற்று. அவற்றின் கதையை வெட்டி ஒட்டிச் சமைத்தவர்கள் அப்போதும் அந்த எழுத்தாளர் ஒப்பந்தத்துக்கு வெளியேதான் நின்றார்கள்.