விலா எலும்பு எக்ஸ்ரே: நிற்க வைப்பதும் சாய்த்து வைப்பதும்

விலா எலும்புகள் 12 ஜோடி. கை எலும்பையோ கால் எலும்பையோ படம் எடுப்பதுபோல் இவற்றை எடுத்துவிட முடியாது. ஒவ்வொரு விலாவும் முதுகெலும்பில் தொடங்கி, உடலைச் சுற்றி வளைந்து, சரிந்து முன்னே வருகிறது. பின்முனையைவிட முன்முனை 7 முதல் 12 சென்டிமீட்டர் வரை தாழ்ந்திருக்கும். ஆகவே ஒரு விலாவின் முழு நீளமும் எந்த ஒரு படத்திலும் விரிந்து தெரியாது. அக்குளுக்குக் கீழே வளையும் பகுதிதான் பெரிய தொல்லை. வளையலை விளிம்புப் பக்கமாகப் பார்த்தால் வெறும் கோடாகத் தெரிவதுபோல், நேரே எடுத்த படத்தில் அந்த வளைவு தன்மேலேயே மடிந்து விழுந்துவிடும். போதாததற்கு, மேல் விலாக்களுக்குப் பின்னணி காற்று நிறைந்த நுரையீரல். கீழ் விலாக்களுக்கோ கல்லீரலும் மண்ணீரலும் அடர்ந்த வயிறு. ஒன்றுக்குப் பொருந்தும் கதிர் அளவு மற்றதற்குப் பொருந்தாது.

நோயாளியை எப்படி நிறுத்துவது, எப்படிப் படுக்க வைப்பது என்பதற்கான பாடநூல் விதிகள் இந்தச் சிக்கல்களிலிருந்தே பிறந்தவை. வலி உதரவிதானத்துக்கு மேலே என்றால் நோயாளி நிற்க வேண்டும். மூச்சை முழுக்க இழுத்து நிறுத்த வேண்டும். உதரவிதானம் தாழ்ந்து, பின்புறம் ஒன்பது, பத்து விலாக்கள் நுரையீரல் காற்றின் பின்னணியில் வெளிப்படும். வலி அதற்குக் கீழே என்றால் படுக்க வைத்து மூச்சை விடச் சொல்ல வேண்டும். உதரவிதானம் மேலேறி, கடைசி விலாக்கள் ஒரே சீரான வயிற்று நிழலின்மேல் விழும். கிலோவோல்ட்டைச் சற்றுக் கூட்டினால் போதும். முதுகில் அடி என்றால் முதுகு டிடெக்டரில் (படம் பதியும் பலகையில்) படும்படி ஏ.பி. நிலை (கதிர் முன்னிருந்து பின்னுக்கு), முன்நெஞ்சில் அடி என்றால் நெஞ்சு படும்படி பி.ஏ. நிலை (பின்னிருந்து முன்னுக்கு). எலும்பு டிடெக்டருக்கு அருகில் இருந்தால் நிழல் கூர்மையாக விழும். அக்குள் வளைவை விரிக்க உடலை 45 டிகிரி திருப்ப வேண்டும்; இதுதான் சாய்வு நிலை. பக்கம் குழம்பாமல் இருக்க ஒரு சுருக்கமான விதி உண்டு: முதுகெலும்பின் நிழல் வலிக்கும் பக்கத்தை விட்டு விலகிப் போக வேண்டும்.

இந்த விதிகளின் முதல் பலம், மனப்பாடம் தேவைப்படாத அளவுக்கு ஒவ்வொன்றுக்கும் காரணம் இருப்பது. இரண்டாவது பலத்தைச் சாதாரண நெஞ்சு எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டால் உணரலாம். நெஞ்சுப் படத்தை 110 முதல் 125 கிலோவோல்ட்டில் எடுப்பது இன்று வழக்கமான முறை. நுரையீரலை மறைக்காமல் விலாக்கள் வெளிறிப் போக வேண்டும் என்பதே அதன் நோக்கம். விலா எலும்பையே பார்க்க வேண்டுமானால் 70-ஐ ஒட்டி இறங்கி வர வேண்டும். ஆகவே நெஞ்சுப் படத்தில் விலா முறிவு தெரியவில்லை என்பது முறிவு இல்லை என்பதற்கு ஆதாரமாகாது. விலா முறிவுகளில் ஏறத்தாழப் பாதி அதில் தப்பிவிடுவதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன.

இனிக் குறைகள். சாய்வு நிலை விதியிலேயே ஒரு முரண் இருக்கிறது. வலது முதுகுப் பக்கம் அடிபட்டவரை, வலது முதுகு டிடெக்டரில் படியும்படி திருப்பினால் இரண்டு பலன்களும் கிடைக்கும்: வளைவும் விரியும், எலும்பும் அருகில் இருக்கும். ஆனால் வலது முன்நெஞ்சில் அடிபட்டவரின் இடது முன்பக்கத்தை டிடெக்டரில் சாய்த்தால்தான் வலது வளைவு விரியும். அப்போது பார்க்க வேண்டிய பக்கம் டிடெக்டரை விட்டு விலகிப் போகிறது. நிழல் பெரிதாகிக் கூர்மை குறைகிறது. விரிப்பது, அருகில் வைப்பது என்ற இரு கொள்கைகளில் ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். இதைப் பிழை என்பதைவிடப் பேரம் என்பதே பொருத்தம். பாடநூல்கள் அப்படிச் சொல்வதில்லை என்பதுதான் குறை.

இதைவிடப் பெரிய குறை, விதிகள் வலியில்லாத ஓர் உடலை மனத்தில் வைத்து எழுதப்பட்டிருப்பது. "மூச்சை நல்லா இழுங்க, அப்படியே நிறுத்துங்க" என்ற சொல்லுக்கு விலா முறிந்தவரால் கீழ்ப்படிய முடியாது. பாதி மூச்சிலேயே முகம் சுளித்து நின்றுவிடுவார். உதரவிதானம் தாழாது, எட்டாவது ஒன்பதாவது விலாக்கள் வயிற்றின் மங்கலிலேயே தங்கிவிடும். தோள்பட்டை எலும்பு நிழலிடாமல் இருக்கக் கைகளை இடுப்பில் ஊன்றி, முழங்கையை முன்னே தள்ளச் சொல்வதும் அப்படியே. எல்லாவற்றையும்விடக் கொடுமை மேசையில் படுப்பது. விலா முறிந்தவருக்குப் படுப்பதும், படுத்த நிலையிலிருந்து எழுவதும் இருமலுக்கு அடுத்தபடியான வேதனை. கீழ் விலாவையும் நிற்க வைத்தே, மூச்சை விடச் சொல்லி எடுக்கலாம். வயிறு தொங்கித் தடிமன் கூடுவதால் படம் சற்று மங்கும். அந்த மங்கலை ஏற்றுக்கொள்வதே முறை. வலியில் நெளிந்தவரின் அசைவால் கலங்கிய படம் அதைவிட மோசமாக இருக்கும்.

படுக்க வைப்பதில் ஆபத்தும் உண்டு. நுரையீரல் உறைக்குள் காற்று புகுந்திருந்தால், நிற்கும்போது அது உச்சிக்கு ஏறித் தெரியும். மல்லாந்து படுத்தால் முன்பக்கம் பரவி மறைந்துவிடும். இரத்தம் தேங்கியிருந்தால், நின்றெடுத்த படத்தில் சுமார் 200 மில்லி சேர்ந்ததும் ஓரக் கோணம் மழுங்கிக் காட்டிக்கொடுக்கும். படுத்தால் பின்னே பரவி மெல்லிய திரையாக மட்டுமே தெரியும். உயிருக்கு உலை வைப்பவை இவைதாம். அதனால் நிற்கக்கூடிய நோயாளிக்கு நின்ற நிலையிலான பி.ஏ. நெஞ்சுப் படம் முதலில் வர வேண்டும். விலாவுக்கான தனிப் படங்கள் பிறகுதான்.

அந்தத் தனிப் படங்கள் வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. சிறிய அடி பட்ட பெரியவர்களுக்கு நெஞ்சுப் படம் போதும், விலாப் படங்கள் பொதுவாகத் தேவையில்லை என்பது அமெரிக்கக் கதிரியல் கல்லூரியின் நிலைப்பாடு. காரணம் எளியது. ஒரு விலா முறிந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் மருத்துவம் ஒன்றே: வலி நிவாரணி, ஆழ்ந்த மூச்சுப் பயிற்சி. நெஞ்சை இறுகக் கட்டும் பழைய வழக்கம் மூச்சை ஆழமற்றதாக்கிச் சளி தேங்கி நிமோனியாவுக்கு வழிவிடும் என்று கைவிடப்பட்டது. குருத்தெலும்பில் விரிசல் விட்டிருந்தால் எந்தச் சாய்வில் எடுத்தாலும் எக்ஸ்ரேயில் தெரியாது, அல்ட்ராசவுண்டில் தெரியும். முதியவர்களின் நிலை வேறு. முறிந்த விலாக்களின் எண்ணிக்கை கூடக்கூட அவர்களுக்கு நிமோனியாவும் இறப்பும் கூடுவதால் எண்ணிக்கை முக்கியம். கீழ் விலாக்களில் முறிவு என்றால் கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகத்தைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டிலும் சரியான விடை தருவது சி.டி. ஸ்கேன்தான். அதன் கதிர்வீச்சு 5 முதல் 7 மில்லிசீவர்ட். நெஞ்சு எக்ஸ்ரேக்கு 0.1-க்கும் குறைவு. அளவு இவ்வளவு வேறுபடுவதால் எல்லோருக்கும் சி.டி. என்பதும் நியாயமாகாது.

விதிகளில் எதை விட்டாலும் விடக்கூடாத ஒன்று, வலிக்கும் இடத்தின்மேல் ஒட்டும் சின்ன ஈயக் குறி. நோயாளியின் விரல் காட்டிய இடத்தில் அதை ஒட்டிவிட்டால், 24 எலும்புகளில் எதைக் கூர்ந்து பார்ப்பது என்று படம் படிப்பவருக்குத் தெரிந்துவிடும். செலவில்லாத இந்த வேலை அவசரத்தில் விட்டுப்போவதற்கு எந்தச் சமாதானமும் பொருந்தாது. பெண்களுக்கு முடிந்தபோதெல்லாம் பி.ஏ. நிலையைத் தேர்வதும் அப்படித்தான். மார்பகம் கதிர் நுழையும் பக்கமாக இல்லாமல் வெளியேறும் பக்கமாக அமைவதால் அதன்மேல் விழும் அளவு குறையும்.

சாய்வு நிலைப் படங்களின் மதிப்பு இன்றும் சற்றும் குறையாத இடம் கைக்குழந்தை. குழந்தையின் நெஞ்சை இரு கைகளால் இறுக்கி அழுத்தும்போது விலா முதுகெலும்பை ஒட்டியே முறியும். நேர்ப் படத்தில் அது தெரியாமல் போகலாம். அடித்துத் துன்புறுத்தப்பட்டதாகச் சந்தேகிக்கப்படும் குழந்தைகளுக்கு நெஞ்சின் இரு பக்கச் சாய்வுப் படங்களையும் பிரிட்டனின் கதிரியல் மருத்துவர் கல்லூரியும் ரேடியோகிராபர் சங்கமும் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கேட்கிறது. புது முறிவு கண்ணுக்குத் தப்பினாலும் ஆறும்போது திரளும் எலும்பு தெரியும் என்பதால், 11 முதல் 14 நாளுக்குள் மீண்டும் படமெடுக்கவும் அது சொல்கிறது.