இரட்சணிய யாத்திரிகத்தில் பகைவர்பால் அன்பு

பகைவரை நேசித்தல் கிறித்தவ அறத்தின் தலையாய கட்டளைகளுள் ஒன்று. மத்தேயு நற்செய்தியின் மலைப்பொழிவில் இடம்பெறும் இக்கட்டளை நடைமுறையில் இருவகையாகத் திரிவதுண்டு. தீங்கைத் தீங்கென்று சொல்லாத முகமன் அன்பெனக் கொள்ளப்படுகிறது. எதிர்க்க இயலாதவரின் பணிவு பொறுமையெனப் போற்றப்படுகிறது. இவ்விரு திரிபுகளுக்கும் இடங்கொடாத அன்பை எச்.ஏ. கிருட்டிணப்பிள்ளையின் (1827–1900) இரட்சணிய யாத்திரிகம் காட்டுகிறது.

1894-இல் வெளிவந்த இக்காப்பியம் ஜான் பனியனின் உருவகக் கதையை (1678) முதனூலாகக் கொண்டது. அக்கதையில் சிலுவை, பயணியின் முதுகுச்சுமை கழன்று விழும் இடமாக அமைகிறது. இயேசுவின் பாடுகள் அங்கு விரித்துரைக்கப்படவில்லை. கிருட்டிணப்பிள்ளையோ குமார பருவத்து இரட்சணிய சரிதப் படலத்தில் அவற்றை விரிவாகப் பாடுகிறார்.

அன்புக் கட்டு

இயேசுவைக் கயிற்றால் கட்டுகின்றனர், அவர் எதிர்க்கவில்லை. இதற்குக் கவிஞர் கூறும் காரணம் கருதத்தக்கது. தப்ப வழியின்றி அவர் உடன்படவில்லை. தமக்குத் துன்பம் செய்வோர் உண்மையில் தமக்கே கேடு தேடிக்கொள்கின்றனர் என இரங்குகிறார். அவ்விரக்கமாகிய அன்புக் கட்டை அவரால் அவிழ்க்க முடியவில்லை. ஆற்றல் உடையவர் தாமே விரும்பி ஏற்கும் பொறுமை இது. ஆகவே, வேறு வழியற்றவரை அடங்கியிருக்கச் சொல்லும் அறிவுரைக்கு இக்காட்சியைச் சான்றாக்குதல் பொருந்தாது.

தமிழ் அறமரபும் காப்பியமும்

தீங்கு செய்தவர் நாணுமாறு அவர்க்கு நன்மை செய்தலையே ஒறுத்தலாகக் காட்டுகிறது திருக்குறள் (314). அங்குத் தீங்கிழைத்தவரின் நாணம் கருதப்படுகிறது. நாலடியார் (58) ஒருபடி மேற்செல்கிறது. தம்மை இகழ்ந்தவரைப் பொறுப்பதோடு, அவ்வினைப்பயனால் அவர் நரகில் வீழ்வாரோ எனப் பரிவதும் சான்றோர் கடமை என்கிறது. கிருட்டிணப்பிள்ளை காட்டும் இரக்கம் இச்சமணத் துறவறக் கருத்துக்கு நெருக்கமானது. தீங்கிழைப்போர்க்காக வருந்துதல் தமிழ்க் கிறித்தவக் காப்பியத்தில் புதிதாகத் தோன்றியதன்று என்பது இதனால் பெறப்படும்.

வேறுபாடும் உண்டு. நாலடியாரின் சான்றோர் வினைப்பயன் கண்டு பரிகின்றனர். அப்பயனைத் தாம் ஏற்பதில்லை. காப்பியத்தின் இயேசுவோ தீங்கிழைப்போர் உட்பட மாந்தர் அனைவரின் பாவத்தையும் தீர்க்கவே அத்துன்பத்தை ஏற்கிறார். பரிவு இங்குச் செயலாகிறது.

கொடுமையை மறைக்காத அன்பு

இவ்வன்பு உண்மையை மழுப்புவதில்லை. கவிக்கூற்று துன்புறுத்துவோரைக் கொடியோர் என்றே சுட்டுகிறது. சிவப்பு அங்கி, முள்முடி, ஏளனம் என அவர்தம் செயல்களை ஒன்றும் விடாது எடுத்துரைக்கிறது. கண்டு கலங்குவோர், நிலம் பிளந்து இக்கொடியோரை விழுங்காதது ஏனென்று புலம்புகின்றனர். கவிஞர் அச்சினத்தைக் கண்டிக்கவில்லை. ஆயினும் அதைத் துன்புறுபவரின் நாவிலும் வைக்கவில்லை. அநீதிகண்ட சினமும் அநீதி செய்தவர்மீதான இரக்கமும் ஒரே காட்சியில் அருகருகே நிற்கின்றன. சினத்தை நீக்கினால் இரக்கம் வெறும் முகமனாகிவிடும். இரக்கத்தை நீக்கினால் எஞ்சுவது சாபமே.

கடினமான மாந்தரிடத்து உண்மையோடும் அன்போடும் ஒழுகுதல் என்னும் கிறித்தவ அறத்திற்கு இப்படலம் தெளிவான வரையறை தருகிறது. தீமையை அதன் பெயரால் அழைத்தல் உண்மை. அதைச் செய்தவருக்கு நேரும் இழப்பையும் தன் கவலையாகக் கொள்ளுதல் அன்பு. கிருட்டிணப்பிள்ளையின் காப்பியம் இவற்றுள் ஒன்றிற்காக மற்றொன்றைக் கைவிடவில்லை. முதனூலில் விரிவுபெறாத பகுதியைத் தமிழ் அறமரபோடு இயைந்த வகையில் அது விரித்துரைத்தது. இரட்சணிய யாத்திரிகத்தைத் தழுவல் நூல் என்ற அளவில் மட்டும் மதிப்பிடும் ஆய்வுகள் இப்பகுதியைத் தனியே கருத்திற்கொள்ளுதல் இன்றியமையாதது.