எண்ணியவன் விடுபட்ட கணக்கு

பிரசாரகனின் கடிதத்தை இலக்கிய விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வது வீண் வேலை என்றார் நண்பர் ஒருவர். எனக்கு அப்படிப் படவில்லை. ஒரு நம்பிக்கை மொழியை எப்படிக் கையாளுகிறது, மொழி அந்த நம்பிக்கையை எந்த இடத்தில் காட்டிக்கொடுத்துவிடுகிறது என்று பார்ப்பது விமர்சகனின் வேலைதான். கல்லூரி வளாகங்களில் ஊழியம் செய்ய அனுப்பப்படும் மார்மன் சபை இளைஞர்கள் தங்கள் முதல் சில வாரங்களைப் பற்றி எழுதிய கடிதங்கள் சிலவற்றை இந்தக் கோடையில் ரெட்டியார்சத்திரத்தில் உட்கார்ந்து படித்தேன். திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் போகும் சாலையில், பெயரிலேயே வழிப்போக்கனை வைத்துக்கொண்டிருக்கும் ஊர் இது. எங்கிருந்தோ வந்து எங்கோ போகிறவர்களின் எழுத்தைப் படிக்கப் பொருத்தமான இடம்.

அந்தச் சபையின் ஏற்பாடு விசித்திரமானது. 1830இல் அமெரிக்காவில் வெளியான ஒரு நூலை வேதமாகக் கொண்டவர்கள் அவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் பத்தொன்பது வயதில் ஊழியத்துக்குக் கிளம்புவார்கள். 2012க்குப் பிறகு பதினெட்டிலேயே கிளம்பலாம். ஆண்களுக்கு இரண்டு வருஷம். எப்போதும் இருவர் இருவராகத்தான் போக வேண்டும். மீசை அரும்பும் வயதில் சட்டைப் பையின் மேல் 'மூப்பர்' என்ற பட்டத்துடன் ஒரு பெயர்ப்பட்டை. 2019 வரை வருஷத்தில் இரண்டு நாள்தான் வீட்டோடு தொலைபேசியில் பேசலாம் என்று விதி இருந்தது. மற்றபடி வாரம் ஒரு கடிதம். ஆகவே அந்தக் கடிதத்தின் மேல் விழும் கனம் சாதாரணமானதல்ல. தாய்க்கும் எழுத வேண்டும், சபைக்கும் எழுத வேண்டும், தன் சந்தேகத்துக்கும் எழுத வேண்டும். மூன்றும் ஒரே தாளில்.

இந்தக் கடிதங்களுக்கு ஒரு வார்ப்பு இருக்கிறது. வந்து சேர்ந்தது, பயந்தது, நூறு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டது, நூற்றியோராவது ஆள் நின்று கேட்டது, கண்கள் கலங்கியது, நன்றி. இதில் ஒரு படியையும் தாண்ட முடியாது. நின்று கேட்ட அந்த ஒருவன் யார், என்ன படிக்கிறான், அன்று ஏன் நின்றான், பஸ்ஸைத் தவறவிட்டதால் நின்றானா என்பதெல்லாம் கடிதத்தில் இடம்பெறுவதில்லை. அவன் கண்ணீருக்கு முந்தைய வாக்கியம், அவ்வளவுதான்.

இது தற்செயல் அல்ல. 1960களில் இச்சபையின் ஊழியர்கள் மனப்பாடம் செய்ய வேண்டியிருந்த உரையாடல் பாடங்களில் எதிராளியாக ஒரு கற்பனை மனிதர் வருவார். அவர் பெயர் திருவாளர் பிரவுன். ஊழியன் கேட்க வேண்டிய கேள்வி அச்சிடப்பட்டிருக்கும். பிரவுன் சொல்லப்போகும் பதிலும் அச்சிடப்பட்டிருக்கும். பிற்காலத்தில் மனப்பாட முறையைக் கைவிட்டுவிட்டார்கள். ஆனால் பிரவுன் சாகவில்லை. பதிலை முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டு கேள்வி கேட்கும் எழுத்து எதுவானாலும் அதற்குள் அவர் உட்கார்ந்திருக்கிறார்.

என்றாலும் இந்தக் கடிதங்களைத் தூக்கி எறிந்துவிட முடியவில்லை. முதல் வாரங்களைப் பற்றிய பக்கங்களில் வார்ப்பு இன்னும் இறுகியிருக்காது. பையனுக்கு அந்த ஊர் மொழி வராது. தான் சொன்னதற்கு ஏன் சிரித்தார்கள் என்று புரியாது. சாப்பாட்டு மேசையில் யார் பக்கத்தில் உட்காருவது என்று தெரியாது. அங்கே மட்டும் வாக்கியங்கள் குட்டையாகி, உண்மையாகிவிடுகின்றன. பேசத் தெரியாத காலத்தில்தான் பிரசாரகன் கேட்கிறான். பேச்சுத் திறமை கூடக் கூடக் கடிதங்கள் சீராகின்றன. சீராகச் சீராகச் செத்துப்போகின்றன.

இந்த முதல் வாரங்களுக்காகவே தமிழில் ஒரு புத்தகம் எழுதப்பட்டிருக்கிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பெஸ்கி, அதாவது வீரமாமுனிவர், பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதிய 'பரமார்த்த குருவின் கதை' புதிதாக வந்திறங்கும் பாதிரிமார்கள் பேச்சுத் தமிழைப் பழகிக்கொள்ள உதவியாக எழுதியது. 1822இல் லண்டனில் அச்சேறியது. போதிக்க வந்தவர்களுக்குப் பாடப்புத்தகம் எழுதிய ஒரு போதகர் அதில் முட்டாள் குரு ஒருவரையும் அவரைவிட முட்டாள்களான ஐந்து சீடர்களையும் நிறுத்தினார். ஆற்றைக் கடந்ததும் ஒருவன் எண்ணுகிறான், தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான், ஓர் ஆள் குறைகிறது, ஒப்பாரி வைக்கிறார்கள். தமிழ் உரைநடைச் சிரிப்பின் ஆரம்பங்களில் ஒன்று இது. இதை வெறும் வேடிக்கை என்று ஒதுக்குவது நம் பழக்கம். தொழிலின் உள்ளிருந்தே எழுந்த மிகக் கடுமையான விமர்சனமாகவும் இதைப் படிக்கலாம் என்று நினைக்கிறேன். ஆள் எண்ணிக்கையில் கருத்தாக இருப்பவன் தன்னை எண்ண மறப்பான்.

ஜி. யு. போப் 1839இல் சென்னைக்கு வந்தபோது அவருக்கும் வயது பத்தொன்பதுதான். அவர் கல்லறையில் 'தமிழ் மாணவன்' என்று பொறிக்கப்பட்டிருப்பதாக மேடைதோறும் சொல்கிறோம். கல்லறையில் அப்படியொரு வாசகம் இல்லை. இல்லாததை ஏன் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் கேள்வி. போதகனாக வந்தவன் மாணவனாகச் செத்தான் என்று நம்ப நமக்கு ஆசை. மார்மன் சபையிலிருந்து ரிச்சர்ட் பாலன்டைன் 1853இல் சென்னைக்கு வந்தார். இங்கே ஒரு சிறு மாத இதழையும் அச்சிட்டார். அடுத்த ஆண்டே கப்பலேறிவிட்டார். சிற்றிதழ் நடத்தியவர்களுக்கு இதில் விளக்கம் தேவையிராது.

எங்கள் பக்கத்துக் கதை வேறு. கெய்தான் என்ற அமெரிக்க இளைஞர் 1925இல் மதுரை மிஷனுக்கு வந்தார். காந்தியின் கடிதத்தை வைஸ்ராயிடம் கொண்டுபோய்க் கொடுத்த ரெஜினால்ட் ரெனால்ட்ஸைத் தன் வீட்டில் தங்கவைத்தார் என்பதற்காக 1930இல் நாட்டைவிட்டுப் போக நேர்ந்தது. திரும்பி வந்தார், மறுபடியும் வெளியேற்றப்பட்டார், சுதந்திரத்துக்குப் பிறகு மறுபடியும் வந்து காந்திகிராமத்துக்காரர்களோடு சேர்ந்து வேலை செய்தார். 1984இல் மறைந்தார். எத்தனை பேரை மாற்றினார் என்று அவரைப் பற்றி யாரும் கணக்குச் சொல்லிக் கேட்டதில்லை. அவர் எப்படி மாறினார் என்பதைத்தான் சொல்கிறார்கள்.

இவ்வளவும் எழுதியபின் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் யோக்கியமாக இருக்காது.

1983இல் நான் இந்தச் சமவெளியில் ஒரு கல்லூரியில் தமிழ் ஆசிரியனாகச் சேர்ந்தேன். ஜோல்னாப் பையில் நம் இதழ்களின் பிரதிகள். முதல் மூன்று வாரங்களில் எட்டுப் பிரதிகளைக் கொடுத்தேன். நண்பர்களுக்குக் கடிதம் எழுதினேன்: எட்டுப் பேர் வாங்கினார்கள், மூன்று பேர் சந்தா கட்டுவார்கள், ஒருவன் 'நம்ம ஆள்'. இந்த 'நம்ம ஆள்' என்ற பிரயோகத்தை நாம் எல்லோருமே எழுதியிருக்கிறோம். ஞானஸ்நானத்துக்கு நாம் வைத்த பெயர் அது.

அந்த ஒருவன் ரெட்டியார்சத்திரத்துப் பக்கத்துப் பையன். இதழைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது, "சார், கோவிச்சுக்காதீங்க. நீங்க எங்களுக்குப் படிக்கக் குடுக்குறீங்க. நாங்க என்னத்தக் கேட்டு வளந்தோம்னு ஒரு நாளும் கேக்கலையே" என்றான். அவன் அப்பா ஸ்பெஷல் நாடகங்களில் ஆர்மோனியம் வாசிக்கிறவர். "வள்ளி திருமணத்துல தர்க்கம் கேட்டிருக்கீங்களா சார்?"

கேட்டதில்லை. ஆனால் என்னிடம் பதில் இருந்தது. நாட்டார் கலை, வெகுஜன ரசனை, தனிமனிதப் பிரக்ஞை என்று ஒரு கால்மணி நேரம் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்றுதான் நினைத்துக்கொண்டேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். பிறகு வரவில்லை. அன்று நான் பேசியது அவனிடம் அல்ல, பிரவுனிடம்.

தர்க்கத்தை நான் கேட்டது பல வருஷங்களுக்குப் பிறகு, வேறு ஊரில், வேறு ஒருவர் வாசிப்பில். சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டு இருக்கிறது, கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் வள்ளியாக நடிப்பவர் ஓர் ஊரிலிருந்து வருகிறார், நாரதராக நடிப்பவர் வேறு ஊரிலிருந்து வருகிறார். ஒத்திகை கிடையாது. நாரதர் வீசும் கேள்விக்கு வள்ளி என்ன சொல்லப்போகிறாள் என்பது நாரதருக்குத் தெரியாது. நடுநிசி தாண்டி, எதிராளியின் சொல்லைக் காதால் பிடித்து அதிலிருந்தே தன் சொல்லை எடுக்க வேண்டும். கேட்கத் தெரியாதவன் அந்த மேடையில் ஐந்து நிமிஷம் நிற்க முடியாது. விமர்சனம் என்று நாம் இத்தனை வருஷம் செய்ததில் இந்த அபாயத்துக்கு உட்பட்டது எவ்வளவு என்று அன்று இரவு யோசித்தேன். அதிகம் தேறவில்லை.

ஆகவே அந்த அமெரிக்கப் பையன்களின் கடிதங்களை மேலிருந்து பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமை இல்லை. அவர்களிடமாவது முதல் சில வாரங்களின் திக்கல் காகிதத்தில் பதிவாகியிருக்கிறது. நான் என் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் அதுவும் இல்லை. முதல் நாளிலிருந்தே எல்லாம் தெரிந்த குரல். அந்தப் பையனின் கேள்வியை அவற்றில் நான் குறிப்பிடவே இல்லை. எட்டு, மூன்று, ஒன்று என்ற கணக்கு மட்டும் இருக்கிறது.

பெஸ்கியின் கதையில் கணக்கு எப்படிச் சரியாயிற்று என்பது ஞாபகம் இருக்கும். வழியில் போன ஒருவன் ஒவ்வொருவர் முதுகிலும் ஓர் அடி போட்டு எண்ணினான். ஆறு பேரும் இருந்தார்கள். எனக்கான அடி 1983இலேயே விழுந்துவிட்டது. வலித்ததென்னவோ இப்போதுதான்.